சஹனில் அவருக்கு ஓர் இடம்



சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து வீடு திரும்பிய நேரம். எங்கள் மருதமுனையைச் சேர்ந்த சகோதரி ஒருவர் தன் மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என் மனைவி பாய் விரித்து உட்காரச் சொன்னார். சகோதரி உட்கார்ந்ததும் கேட்டது ஒரு மார்க்கக் கேள்வி.

"மௌலவி, எங்கட அவருக்கு மஹரகமயில கரண்ட் பிடிச்சி முடிஞ்சி எட்டு மாசம். வாயில வந்த வருத்தம். இப்ப சுகம் எண்டு டாக்டர் சொல்லிட்டார். இந்த முறை அவருக்கு நோன்பு பிடிக்க ஏலுமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் எப்படிச் சாப்பிடுகிறார், தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார், இரவில் தூங்குகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் சகோதரி தயங்கினார். மகள்தான் சொன்னாள். வாப்பா இப்போது யாரோடும் சேர்ந்து உண்பதில்லையாம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பின் வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடுகிறாராம். கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாராம். அதைச் சொல்லும்போதே சகோதரியின் கண் கலங்கிவிட்டது. "சுகம் எண்டுதான் சொல்றாங்க மௌலவி. ஆனா அந்தப் பழைய மனிசன் வீட்டுக்கு இன்னும் வந்து சேரல்ல" என்றார்.

சகோதரிகளே! நோன்புக் கேள்விக்குரிய பதிலைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் அந்தச் சகோதரியின் கடைசி வார்த்தையைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். நோய் போய்விட்டது, ஆனால் மனிதர் வந்து சேரவில்லை. இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலை போடும் பெண்களும் அதற்கு ஆளாகிறார்கள். வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களுக்குச் சத்திரசிகிச்சையோடு, அல்லது அது இல்லாமலேயே, கதிர் சிகிச்சை கொடுக்கப்படுகிறது. இதைத்தான் நம் ஊரார் கரண்ட் பிடித்தல் என்கிறார்கள். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையின் பெயரைக் கேட்காத கிராமம் நம் கரையில் இல்லை.

இந்தச் சிகிச்சை பொதுவாக வாரத்தில் ஐந்து நாட்களாக ஆறு, ஏழு வாரங்கள் நடைபெறும். முப்பது முதல் முப்பத்தைந்து தடவைகள் வரை நோயாளி அந்த இயந்திரத்தின் கீழ் படுத்து எழும்ப வேண்டும். கதிர் படும்போது வலி தெரியாது. இரண்டு, மூன்று வாரங்கள் போன பிறகுதான் வாய் புண்ணாகும், விழுங்க முடியாமல் போகும், கழுத்துத் தோல் கறுத்து உரியும். சிகிச்சை முடிந்த பிறகும் ஓரிரு வாரங்கள் இந்த வேதனை கூடிக்கொண்டே போய், அதன் பின்புதான் மெல்ல மெல்லக் குறையத் தொடங்கும். சிலருக்கு அந்நாட்களில் மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாய் போட்டு உணவு கொடுப்பதும் உண்டு.

இதுவரை குடும்பம் முழுவதும் நோயாளியைச் சுற்றித்தான் நிற்கும். பயணத்துக்குப் பணம் சேர்ப்போம், துஆச் செய்வோம், முறை வைத்து ஆள் நிற்போம். பிறகு ஒரு நாள் சிகிச்சை முடிந்தது, இனி கிளினிக்குக்கு வந்தால் போதும் என்று வைத்தியர் சொல்வார். அல்ஹம்துலில்லாஹ் என்று ஊருக்குக் கூட்டி வருவோம். அன்றோடு எங்கள் பங்கு முடிந்தது என்று எண்ணிக்கொள்வோம். நோயாளிக்கோ அன்றுதான் இன்னொரு நீண்ட காலம் தொடங்குகிறது.

ஏன் என்று கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கள். நம் வாயில் ஒரு நாளைக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் ஊறுகிறது. காதுக்கு முன்னும் தாடைக்குக் கீழும் இருக்கும் சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. இது எவ்வளவு பெரிய நிஃமத் என்று நாம் ஒரு நாளும் நினைத்ததில்லை. சோற்றை நனைத்து உருண்டையாக்கித் தொண்டைக்குள் வழுக்கி அனுப்புவது அதுதான். சுவையை நாக்குக்குக் கொண்டு சேர்ப்பது அதுதான். பல்லைச் சொத்தையிலிருந்து காப்பதும், நாக்கு அண்ணத்தில் ஒட்டாமல் பேச வைப்பதும் அதுதான். புற்றுநோயை அழிக்கும் அதே கதிர் பக்கத்தில் இருக்கும் இந்தச் சுரப்பிகளையும் சுட்டுவிடுகிறது. சிலருக்கு ஓராண்டு, ஈராண்டில் ஓரளவு திரும்பி வரும். பலருக்கு வாய் வறட்சி ஆயுள் முழுக்க நிற்கும்.

சுவையும் அப்படித்தான். சீனி மண் போலவும் மீனாணம் தகரம் போலவும் தெரியும் என்று நோயாளிகள் சொல்வார்கள். சில மாதங்களில் சுவை மெல்லத் திரும்பும், ஆனால் எல்லோருக்கும் முழுதாகத் திரும்புவதில்லை. தாடைத் தசைகள் இறுகி வாய் திறப்பது குறையும். விழுங்கும் தசைகள் விறைத்துவிட்டால் உணவு மூச்சுக்குழாயின் பக்கம் தவறிப்போகும், இருமல் வரும். கழுத்தும் தோளும் விறைக்கும், குரல் மாறும், தாடைக்குக் கீழ் வீங்கும். இவற்றில் சில சிகிச்சை முடிந்து பல வருடங்கள் கழித்தும் தலைகாட்டும்.

இனி என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்கிறேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, தறியில் உட்கார்ந்து குடும்பத்தைக் காத்தவர். மருதமுனைச் சாரனுக்கும் சேலைக்கும் பெயர் வாங்கிக் கொடுத்த கைகளில் அவருடைய கைகளும் உண்டு. நூலைப் போல வெற்றிலையும் அவரோடு எப்போதும் இருந்தது. தறிக்குப் பக்கத்தில் வட்டா இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. 2017ஆம் ஆண்டு கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் ஒன்று வந்து, அது புற்றுநோய் என்று தெரிந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு முப்பத்து மூன்று தடவை கதிர் பிடித்தார்கள். சுகமாகி ஊர் வந்தார்.

அந்த வருடத்துப் பெருநாளன்று எல்லோரும் சாச்சியின் மகள் வீட்டில் கூடினோம். சஹனில் சோறு போட்டு ஆறு பேர் சுற்றி அமர்ந்தோம். சாச்சி ஒரு கவளம் எடுத்தார். அது வாயிலேயே நின்றது. தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினார். ஒரு பக்கக் கடைவாயில் ஆணம் வழிந்தது, அவருக்கு அது தெரியவில்லை. நாங்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அவருக்கு உதவி செய்வதாக நினைத்து, "சாச்சிக்கு வேறு பீங்கானில் குழைத்துப் போட்டு உள்ளே கொடுங்கள், ஆறுதலாகச் சாப்பிடட்டும்" என்றேன். மகளும் அப்படியே செய்தாள். சாச்சி ஒன்றும் சொல்லாமல் எழுந்து குசினிக்குள் போனார்.

அன்றிலிருந்து அந்தப் பீங்கான் குசினியிலேயே தங்கிவிட்டது. சாச்சியும் அங்கேயே தங்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்துக் கிளினிக்குக்குப் போனபோது தராசு ஐந்து கிலோ குறைவாகக் காட்டியது. வைத்தியர் சாச்சியைப் பார்த்து இரண்டே கேள்விகள் கேட்டார். ஒரு வேளை சாப்பிட எத்தனை நிமிடம் எடுக்கிறது? யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறீர்கள்? சாச்சி தலையைக் குனிந்துகொண்டார். மகள்தான், "தனியத்தான் சாப்பிடுவா டாக்டர்" என்றாள். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் சாச்சி என்னிடம் மெல்லக் கேட்டார்: "மகன், என்ட வாயில இருக்கிறது தொத்து வருத்தமா? என்னைய ஏன் சஹன்ல இருந்து எழுப்பினீங்க?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. எத்தனையோ மேடைகளில் அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றிப் பேசியவன் நான். என் சாச்சியின் ஹக்கு என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த வைத்தியர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன். புற்றுநோய் வைத்தியத்தில் நோயாளி எத்தனை வருடம் வாழ்ந்தார் என்று மட்டுமே முன்பு எண்ணினார்கள். பின்னர், அந்த வருடங்களை எப்படி வாழ்ந்தார் என்பதையும் அளக்கத் தொடங்கினார்கள். இதை வாழ்க்கைத் தரம் என்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 1993இல் ஒரு வினாத்தாளை அறிமுகம் செய்தார்கள். பின்னர் விரிவாக்கப்பட்ட அந்த வினாத்தாள் வலி, தோற்றம், செயற்பாடு, பொழுதுபோக்கு, விழுங்கல், மெல்லுதல், பேச்சு, தோள், சுவை, உமிழ்நீர், மனநிலை, பதற்றம் என்று பன்னிரண்டு விடயங்களைக் கேட்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ளவர்களுக்கென்று ஐரோப்பிய ஆய்வு அமைப்பொன்று முப்பத்தைந்து கேள்விகள் கொண்ட வேறொரு வினாத்தாளைத் தயாரித்தது. அதில் இரண்டு கேள்விகள் என்னை உலுக்கிவிட்டன. உங்கள் குடும்பத்தாருக்கு முன்னால் உண்பது உங்களுக்குச் சிரமமாக இருந்ததா? பிறருக்கு முன்னால் உண்பது சிரமமாக இருந்ததா? எங்கோ இருக்கும் ஆய்வாளர்கள் காகிதத்தில் அச்சிட்டு வைத்த கேள்வியை, சொந்த மருமகனான நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அமெரிக்காவில் ரோஜர் ஈபர்ட் என்று ஒரு புகழ்பெற்ற பத்திரிகை எழுத்தாளர் இருந்தார். தைரொயிட் சுரப்பியிலும் பின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அவருக்குப் புற்றுநோய் வந்தது. 2006ஆம் ஆண்டு தாடையில் செய்த சத்திரசிகிச்சைக்கும் அதன் பின் வந்த சிக்கல்களுக்கும் பிறகு உண்ணவும் குடிக்கவும் பேசவும் முடியாதவரானார். 2013இல் இறக்கும் வரை குழாய் வழியாகத்தான் அவருக்கு உணவு. 2010இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். உணவின் ருசியை இழந்ததைத் தாங்கிக்கொண்டதாகவும், நாலு பேரோடு அமர்ந்து பேசிச் சிரித்து உண்ணும் அந்த நேரத்தை இழந்ததுதான் தன்னை வாட்டியது என்றும் அதில் சொல்லியிருந்தார். அவர் வேறு நாடு, வேறு வாழ்க்கை. ஆனாலும் குசினிக்குள் உட்கார்ந்திருந்த எங்கள் சாச்சியின் மனதைத்தான் அவர் எழுதியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

நம் மார்க்கத்துக்கு இது புதிய செய்தியா? உண்கிறோம், வயிறு நிறைவதில்லை என்று முறையிட்ட தோழர்களிடம், நீங்கள் பிரிந்து பிரிந்து உண்கிறீர்கள் போலும், சேர்ந்து உண்ணுங்கள், பரகத் உண்டாகும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக அபூதாவூதில் வருகிறது. சஹனைச் சுற்றி அமரும் நம் வழக்கத்துக்குப் பின்னால் நிற்பது அந்தப் போதனைதான். அந்தப் பரகத்திலிருந்து ஒரு நோயாளியை எழுப்பிவிடும் உரிமை நமக்கு இல்லை.

சகோதரிகளே! இனி வீட்டில் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். வைத்தியர்களிடமும் தாதிகளிடமும் கேட்டு, சாச்சியின் வீட்டில் நாங்கள் நடைமுறைப்படுத்தியவை இவை.

முதலில் பயத்தைப் போக்குங்கள். புற்றுநோய் தொற்றாது. வெளியிலிருந்து கதிர் பிடித்தவரின் உடம்பில் கதிர் தங்கியிருப்பதும் இல்லை. அவர் குடித்த கோப்பையில் நீங்கள் குடிக்கலாம், பேரப்பிள்ளைகள் மடியில் ஏறலாம், முத்தமிடலாம்.

இரண்டாவது, உணவு. அவருக்கென்று தனியாகச் சமைப்பதை விட, எல்லோருக்கும் சமைப்பதில் அவருக்கு ஏற்றதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிட்டும் ரொட்டியும் வறண்ட வாயில் மண் போல நிற்கும். இடியப்பத்தைப் பாலாணத்தில் ஊற வைத்தால் இறங்கும். குழைந்த சோறு, முள் நீக்கி மசித்த மீன், அவித்த முட்டையைப் பிசைந்தது, பருப்பு, தயிர், கஞ்சி, வட்டிலப்பம் எல்லாம் ஏற்றவை. கொச்சிக்காயும் புளியும் புண்ணான வாயைச் சுடும். ஆகவே ஆணத்தில் முதலில் அவருக்குரியதை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு உறைப்புச் சேருங்கள். மூன்று வேளைக்குப் பதில் ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு கவளமாக, அவசரமில்லாமல் உண்ணட்டும். ஒவ்வொரு வேளையும் இருமினாலோ, உண்ட பின் குரல் சளி கட்டியது போல் மாறினாலோ, அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ வைத்தியரிடம் சொல்லுங்கள். விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் பெரிய வைத்தியசாலைகளில் இருக்கிறார்கள்.

மூன்றாவது, வாய். எங்கே போனாலும் ஒரு சிறிய தண்ணீர்ப் போத்தல் அவர் கையில் இருக்கட்டும். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அதில் பாதியளவு உப்பும் கரைத்து, நாளில் பல தடவை கொப்பளித்துத் துப்பலாம். மதுசாரம் கலந்த வாய் கழுவும் மருந்துகள் வேண்டாம். மிஸ்வாக் செய்து பழகியவர்கள், ஈறு புண்ணாக இருக்கும் காலத்தில் மிக மென்மையான பிரஷ்ஷைப் பாவிக்கட்டும். வாயைச் சுத்தமாக வைப்பதே நோக்கம்.

நான்காவது, பல். இதைச் சிவப்பு மையால் எழுத வேண்டும். கதிர் பட்ட தாடை எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. அதில் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழுகிப்போகும் ஆபத்து உண்டு. இந்த ஆபத்து வருடங்கள் கடந்தாலும் நீங்குவதில்லை. அதனால்தான் கதிர் தொடங்கு முன்பே பற்களைப் பரிசோதித்துச் சரிசெய்கிறார்கள். பிறகு எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும், வாயைத் திறக்கு முன் "கதிர் பிடித்தவர்" என்று சொல்லிவிடுங்கள். புளோரைட் கலந்த பற்பசையைப் பாவித்து, பல் கிளினிக்குக்குத் தவறாமல் கூட்டிச் செல்லுங்கள்.

ஐந்தாவது, தாடையும் கழுத்தும். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து நிறுத்தி முன் பற்களுக்கிடையில் வைக்க முடிகிறதா என்று அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். வர வர இடம் குறைந்தால் தாடை இறுகுகிறது என்று அர்த்தம். வைத்தியசாலையில் சொல்லிக் கொடுத்த வாய் திறக்கும் பயிற்சியையும் கழுத்து, தோள் பயிற்சிகளையும் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் செய்யும்படி பழக்கினால் மறதி வராது. எங்கள் சாச்சி அப்படித்தான் செய்தார்.

ஆறாவது, களைப்பு. கழுத்தில் கதிர் பட்டவர்களில் கணிசமானோருக்குச் சில மாதங்களிலோ வருடங்களிலோ தைரொயிட் சுரப்பி மந்தமாகிவிடுகிறது. அப்போது உடம்பு சோரும், குளிரும், மனம் வாடும், எதிலும் விருப்பம் இராது. வீட்டார் இதைச் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் எண்ணித் திட்டுகிறார்கள். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தடவை இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும், மாத்திரையால் சரிசெய்யவும் முடியும். ஏசுவதற்கு முன் இரத்தத்தைப் பரிசோதியுங்கள்.

இவற்றோடு, புதிய கட்டி, இரத்தக் கசிவு, இரண்டு மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண், திடீரென உடல் மெலிதல், காதுக்குள் விடாத வலி என்று எது வந்தாலும் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னும் சிகிச்சை தொடங்காதவர்களுக்கும் ஒரு செய்தி. உமிழ்நீர்ச் சுரப்பியைத் தவிர்த்துக் கதிரைச் செலுத்தும் புதிய முறை ஒன்று இருக்கிறது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 94 பேரை வைத்துச் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், பழைய முறைச் சிகிச்சை பெற்றோரில் 74 வீதமானோருக்கு ஒரு வருடம் கழித்தும் கடும் வாய் வறட்சி இருந்தது. புதிய முறையில் அது 38 வீதம்தான். நோய் இருக்கும் இடத்தைப் பொறுத்தே எந்த முறை என்று முடிவு செய்வார்கள். வைத்தியரிடம் மரியாதையோடு இதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். நோன்பைக் கடமையாக்கும் அதே இடத்தில், சூரத்துல் பகராவில், நோயாளிக்கு விட்டுக்கொடுத்து வேறு நாட்களில் நோற்கும்படி அல்லாஹ் சலுகை தருகிறான். நமக்கு அவன் இலேசையே நாடுகிறான் என்பதையும் அங்கேயே அறிவிக்கிறான். வாய் வறட்சியுள்ள ஒருவர் பகல் முழுவதும் தண்ணீரின்றி இருப்பது அவருக்குத் தீங்கு செய்யுமா என்பதை அவருடைய வைத்தியர்தான் சொல்ல வேண்டும். மெலிந்துகொண்டே வருபவருக்கும் குழாயால் உணவு எடுப்பவருக்கும் நோன்பு பெரும் ஆபத்தாகலாம். குணமாகும் என்ற நம்பிக்கை இருந்தால் விட்டு, பிறகு களாச் செய்யட்டும். இனி ஒருபோதும் நோற்க இயலாது என்ற நிலை என்றால், ஷாபிஈ மத்ஹபின்படி ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு முத்து அரிசி வீதம் ஏழைக்கு பித்யாக் கொடுத்தால் போதும். வைத்தியர் அனுமதித்து நோற்பவர், வாய் காயும்போது மெதுவாகக் கொப்பளித்து நன்றாகத் துப்பிவிடட்டும். தண்ணீர் உள்ளே இறங்காமல் கவனிக்க வேண்டும். சலுகையை ஏற்பவரைப் பார்த்து ஈமான் குறைந்தவர் என்று நினைப்பவர் யாராக இருந்தாலும், அவர் மார்க்கத்தைத்தான் குறைத்து விளங்கியிருக்கிறார்.

ஓதலும் அப்படியே. நாக்கில் சத்திரசிகிச்சை செய்தவருக்குச் சில எழுத்துகள் வாயில் வராது. இதனால் தொழுகையையே விட்டு ஒதுங்குகிறவர்களும் உண்டு. அவர் தொழுவிக்க நிற்க வேண்டியதில்லை. ஆனால் இயன்ற அளவு ஓதித் தொழும் அவருடைய தொழுகை செல்லும். குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்று புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் வரும் நற்செய்தியை அவருக்குச் சொல்லுங்கள். நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிட்டால் விலாப்புறம் சாய்ந்தும் தொழும்படி இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் காட்டிய இலகுவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெற்றிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்க முடியாது. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985லேயே அறிவித்தது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு ஒன்றே போதும் என்பதை அதே அமைப்பு 2004இல் வெளியிட்டது. நம் நாட்டிலும் 2016இல் மெல்லும் புகையிலைப் பொருட்களுக்குத் தடை விதித்தார்கள். சட்டம் கடையைத்தான் கட்டுப்படுத்தும். வீட்டு வட்டாவைக் கட்டுப்படுத்துவது உங்கள் கையில் இருக்கிறது. கதிர் பிடித்துச் சுகமானவர் மீண்டும் வெற்றிலை, சிகரட் பக்கம் போவது, அணைத்த அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். அவர் இருக்கும் வீட்டில் மற்றவர்களும் வட்டாவை எடுத்து வைத்துவிடுங்கள். வெற்றிலை போடும் உங்கள் உம்மாவின், மாமியின் வாயை வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். வெள்ளைத் தழும்போ, சிவந்த படையோ, ஆறாத புண்ணோ தெரிந்தால், வாய் திறப்பது குறைந்திருந்தால், தாமதமின்றிப் பல் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

சாச்சியின் கதையை முடிக்கிறேன். பஸ்ஸில் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்றிரவே அந்தப் பீங்கானைக் குசினியிலிருந்து வெளியே கொண்டுவந்தோம். சாச்சி முன்பு உட்காரும் இடத்திலேயே உட்கார வைத்தோம். அவருடைய குழைந்த சோற்றுக் கிண்ணத்தைச் சஹனின் ஓரத்திலேயே வைத்தோம், பக்கத்தில் ஒரு கோப்பை தண்ணீரும் ஒரு துவாயும். அவர் சாப்பிட நாற்பது நிமிடம் எடுத்தது. அவர் முடிக்கும் வரை ஒருவரும் எழும்பக் கூடாது என்று மகள் பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டாள். ஆரம்பத்தில் பிள்ளைகள் நெளிந்தார்கள். பிறகு அந்த நாற்பது நிமிடம்தான் அந்த வீட்டில் எல்லோரும் பேசிச் சிரிக்கும் நேரமாயிற்று. போன ஐந்து கிலோவில் மூன்று திரும்பி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், சாச்சி இன்றும் இருக்கிறார். இன்றும் ஆணமில்லாமல் சோறு இறங்காது, இன்றும் தலையணைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் வேண்டும். எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. ஆனால் சாச்சி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

அன்று வந்த சகோதரியிடம் நான் இதையெல்லாம் சொல்லிவிட்டு, கணவரின் நோன்பைப் பற்றி வைத்தியரிடம் கேட்டு வரும்படி அனுப்பினேன். இவ்வருடம் நோன்பு வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். ரமழான் முதல் வாரத்தில் மகள் மீண்டும் என் மனைவியைப் பார்க்க வந்தாள். உறைப்பும் மிளகும் குறைத்துக் கஞ்சி காய்ச்சுகிறார்களாம். மஃரிபுக்கு பாங்கு சொன்னதும், நோன்பு நோற்றவர்களோடு வாப்பாவும் பாயில் வந்து உட்கார்ந்து அதே கஞ்சியைக் குடிக்கிறாராம். கஞ்சிக்கு மெல்லவும் தேவையில்லை, தண்ணீர் குடித்து இறக்கவும் தேவையில்லை அல்லவா!

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இன்றிரவு சோறு போடு முன் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.